இடிவேலன் பறப்பதில்லை

உட்லண்ட்ஸ்,
சிங்கப்பூர்,
2 செப்டம்பர் 2024

மதிப்பிற்குரிய பெரியப்பாவுக்கு,

உங்கள் தம்பி குமரனின் மகள் கவிப்ரியா எழுதுகிறேன். கடைசியாக என்னைப் பார்த்தபோது எனக்கு எட்டு வயது, முன்பல் இரண்டும் இல்லை. இப்போது பல்லெல்லாம் இருக்கிறது. நான் நலமாக இருக்கிறேன். அம்மாவும் நலம். உங்கள் முட்டி வலி எப்படி இருக்கிறது என்று அப்பா கேட்கச் சொன்னார்.

உங்கள் போன் எண் யாரிடமும் இல்லை. போன வாரம் பஃபலோ ரோட்டுக்கு வந்து கதவைத் தட்டினேன். உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. நான் தட்டியதும் அதுவும் நின்றுவிட்டது. கீழே காசு மாற்றும் கடை வைத்திருக்கும் இப்ராஹீம் மாமாதான், "அவருக்கு எதுன்னாலும் எழுத்துல குடும்மா. வாயால சொன்னா நம்ப மாட்டாரு" என்றார். அதனால் எழுதுகிறேன்.

'இடிவேலன்' படத்தின் இரண்டாம் பாகத்தை எடுத்து முடித்துவிட்டேன். இயக்கம் நான். முகமூடி போட்டுக்கொண்டிருப்பது அன்று போலவே அப்பா. நவம்பர் 15, வெள்ளிக்கிழமை, உங்கள் வீட்டுக்குப் பக்கத்துத் தியேட்டரிலேயே முதல் காட்சி. அப்பாவுக்கு அடுத்த இருக்கை உங்களுக்கு. நீங்கள் பாராட்ட வேண்டியதில்லை. முதல் படத்துக்கு இது எட்டியதா இல்லையா என்று அந்தக் கதையை எழுதியவர் வாயால் தெரிந்துகொள்ள வேண்டும். அப்பா கேட்பது அது ஒன்றுதான். வேறு எதுவும் அவருக்கு வேண்டாமாம்.

வணக்கத்துடன்,
கவிப்ரியா


பஃபலோ ரோடு,
11 செப்டம்பர் 2024

கவிப்ரியாவுக்கு,

மருதப்பன் எழுதுவது. நான் சுகம். எழுபத்து மூன்று வயது முட்டி எப்படி இருக்குமோ அப்படி இருக்கிறது. உன் சுகமும் உன் அம்மா சுகமும் அறிந்தேன். உன் அப்பன் சுகத்தை நீ எழுதவில்லை. கடிதம் என்றால் வீட்டில் இருக்கிற ஒவ்வொருவர் சுகத்தையும் பெயர் சொல்லி எழுத வேண்டும். இந்த முறைகூடத் தெரியாத பெண் படம் எடுத்திருக்கிறாள்.

கதவைத் தட்டியது நீ என்று தெரியும். துவாரத்தில் பார்த்தேன். அதே நெற்றி.

உன் அப்பன் உனக்குச் சொல்லியிருக்க மாட்டான், நான் சொல்கிறேன். நான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினேன். நாலாம் வகுப்போடு நின்றவன், கிரேன் கூண்டுக்குள் உட்கார்ந்து படித்துப் படித்துத்தான் தமிழ் எழுதக் கற்றேன். இடிவேலனும் கிரேன் ஓட்டுபவன். இடி விழுந்து அவனுக்குப் பலம் வருகிறது. பலம் சும்மா வரவில்லை. பயன்படுத்தும் ஒவ்வொரு தடவையும் காது கொஞ்சம் போகிறது. கடைசியில் சாயும் கப்பலைத் தாங்கி நிறுத்துகிறான். ஊரே திரண்டு நன்றி நன்றி என்று கத்துகிறது. அவனுக்குக் கேட்கவில்லை. திரும்பி நடக்கிறான். படம் முடிந்தது. யாரும் இரண்டாம் பாகம் எடுத்துவிடக் கூடாது என்றே அப்படி முடித்தேன். நீ எடுத்திருக்கிறாய்.

அந்தப் படத்துக்கு விருது கொடுத்தார்கள். உன் அப்பன் மேடையேறி எல்லோருக்கும் நன்றி சொன்னான். விளக்குப் பிடித்தவனுக்குச் சொன்னான். பிரியாணி கொண்டுவந்தவனுக்குச் சொன்னான். பஸ் டிப்போவில் லீவு கொடுத்த சூப்பர்வைசருக்குச் சொன்னான். நான் மூன்றாம் வரிசையில் இருந்தேன். பெயர் சொன்னதும் எழுந்து நிற்க வேண்டுமே என்று சட்டைப் பொத்தானை எல்லாம் போட்டுக்கொண்டிருந்தேன். அவன் சொல்லவில்லை. இறங்கி வந்து, "எப்படிண்ணே பேசினேன்?" என்று கேட்டான்.

திரையில் என் பெயரை எழுத்தில் போட்டிருப்பாய். போட்டாக வேண்டும், அது சட்டம். வாயால் சொல்லத்தான் அந்த வீட்டில் ஆள் இல்லை. உன் இருக்கையில் வேறு யாரையாவது உட்கார வை.

இப்படிக்கு,
மருதப்பன்


உட்லண்ட்ஸ்,
30 செப்டம்பர் 2024

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

கவிப்ரியா நலம். என் அம்மா லீலாவதி நலம். அப்பா குமரன் வீட்டில்தான் இருக்கிறார். உங்கள் முறைப்படி எல்லோர் பெயரையும் எழுதிவிட்டேன்.

உங்கள் கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். சில வரிகளை விட்டுவிட்டுப் படிக்கலாம் என்று பார்த்தேன். கண்டுபிடித்துவிட்டார். "ஏய், அண்ணன் இவ்வளவு கம்மியா திட்டாது. முழுசாப் படி லா" என்றார். இரண்டாம் பாகம் எடுக்க முடியாதபடி முடித்தேன் என்ற இடம் வந்ததும் கைதட்டினார். "பார்த்தியா? கதவைச் சாத்திட்டு, வெளியில நிக்கிறவன் என்ன பண்றான்னு துவாரம் வழியா பார்க்கும். அதான் எங்க அண்ணன்" என்றார். மேடை விஷயம் வந்தபோது கைதட்டவில்லை. ஜன்னலைத் திறக்கச் சொன்னார்.

என் படத்தில் இடிவேலன் கிழவன். உட்லண்ட்ஸில் தனியாக இருக்கிறான். முழுச் செவிடு. பாலத்தைத் தாண்டி மலேசியப் பக்கம் ஜொகூருக்குத் தினமும் வேலைக்குப் போய் வரும் ஒரு பெண் ஆபத்தில் இருக்கிறாள். அவள் கூப்பிடுவது அவனுக்குக் கேட்காது. பலத்தை இன்னொரு தடவை பயன்படுத்தினால் இழக்கக் காதும் மிச்சமில்லை. அப்படியானால் இந்தத் தடவை எதை இழப்பான்? இதுதான் கதை. நீங்கள் சாத்திய கதவை நான் உடைக்கவில்லை பெரியப்பா. வெளியே உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான்.

முன்னோட்டம் வெளிவந்துவிட்டது. இப்ராஹீம் மாமாவிடம் கேட்டால் போனில் காட்டுவார்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கவிப்ரியா


பஃபலோ ரோடு,
14 அக்டோபர் 2024

கவிப்ரியாவுக்கு,

நான் சுகம். நீயும் உன் அம்மாவும் சுகம் என்று அறிந்தேன். குமரன் வீட்டில் இருக்கிறான் என்று எழுதியிருக்கிறாய். நான் கேட்டது முகவரி அல்ல. ஓய்வு வாங்கிய பஸ் டிரைவர் வீட்டில் இல்லாமல் எங்கே இருப்பான்?

முன்னோட்டம் பார்த்தேன். இப்ராஹீம் தன் கடையில் எனக்கு ஸ்டூல் போட்டுக் காட்டினான். மூன்று தடவை பார்த்தேன், நம்ப முடியாமல்.

இடிவேலன் பறக்கிறான். மரினா பே மேலே, கையை நீட்டிக்கொண்டு, சிங்கப்பூர் முழுவதும் கீழே மின்ன, பறக்கிறான்.

இடிவேலன் பறப்பதில்லை. இடிவேலன் ஏறுவான். கிரேன் ஓட்டுபவன் காலையில் ஏணியில் ஒவ்வொரு கம்பியாகப் பிடித்து ஏறித்தான் தன் கூண்டுக்குப் போவான். மழை நாளில் கம்பி வழுக்கும். இறங்குவதற்குச் சோம்பி மேலேயே சாப்பிடுவான். உயரம் அவனுக்கு அப்படி வந்தது. பறக்கிற வீரர்கள் உலகம் முழுவதும் மலிந்து கிடக்கிறார்கள். ஏறுகிற வீரன் எனக்குத் தெரிந்து இவன் ஒருவன்தான். அவனையும் நீ பறக்கவிட்டுவிட்டாய்.

உன் அப்பனுக்கு என் கருத்து வேண்டுமானால் அவனுக்கே கை இருக்கிறது. உட்லண்ட்ஸ் ஒன்றும் லண்டன் இல்லை. ரயிலேறினால் ஒரு மணி நேரம் ஆகாது. மகளைத் தூது விடுகிறான்.

படத்தைப் பார்ப்பேன். உன் இருக்கையில் இல்லை, உன் தயவிலும் இல்லை. நானே டிக்கெட் எடுத்து, தனியாகப் பார்த்து, எழுத்தில் தருவேன். நாளைக்கு நீங்கள் யாரும் மாற்றிச் சொல்ல முடியாது.

மருதப்பன்


உட்லண்ட்ஸ்,
5 நவம்பர் 2024

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

நானும் அம்மாவும் நலம். தீபாவளிக்கு முறுக்கு டின்னை உங்கள் கதவுக் கம்பியில் மாட்டிவிட்டு வந்தேன். அம்மா சுட்டது, நீங்கள் கேட்பீர்களே என்று எழுதுகிறேன்.

பறப்பது பற்றி இப்போது ஒன்றும் சொல்லமாட்டேன். படத்தில் பாருங்கள்.

முதல் காட்சிக்கு அப்பா வந்தே தீருவேன் என்கிறார். அவருக்குப் பக்கத்து இருக்கையில் யாரும் உட்கார மாட்டார்கள். நீங்கள் தனியாகத்தான் வருவேன் என்றால் தனியாகவே வாருங்கள். வந்து அதில் உட்காருங்கள். பேச வேண்டாம். அப்பா அதற்கும் சரி என்றுதான் சொல்கிறார். "பேசாம பக்கத்துல உட்கார்ந்து பெருமூச்சு விட்டாப் போதும். அண்ணன் பெருமூச்சு விட்டா படம் பிடிக்கலன்னு அர்த்தம். தூங்கினா பிடிச்சிருக்குன்னு அர்த்தம்" என்கிறார்.

பெரியப்பா, கெஞ்சக்கூடாது என்று எனக்கு உத்தரவு. அதனால் கெஞ்சவில்லை.

கவிப்ரியா


பஃபலோ ரோடு,
22 நவம்பர் 2024

கவிப்ரியாவுக்கு,

நான் சுகம். முறுக்கு நமத்திருந்தது. உன் அப்பன் சுகத்தை இந்தத் தடவையும் காணோம். இனி கேட்கப்போவதில்லை.

படம் பார்த்தேன். ஆதாரத்துக்கு டிக்கெட்டை இத்துடன் பின் செய்திருக்கிறேன். நாளைக்கே இவன் பார்க்காமல் எழுதினான் என்று குமரன் மேடையேறிச் சொல்லக்கூடும்.

முதல் படத்துக்கு இது எட்டியதா என்று கேட்டாய். எட்டவில்லை. காரணம் சொல்கிறேன்.

முதல் படத்தில் இடிக்கு நாங்கள் வெள்ளைத் துணிக்குப் பின்னால் வெல்டிங் தீ வைத்தோம். நான்தான் பிடித்தேன், கண்ணில் மூன்று நாள் நீர் வடிந்தது. அந்த இடியைப் பார்த்துத் தியேட்டரில் குழந்தைகள் அழுதார்கள். உன் இடி கம்ப்யூட்டரில் செய்த இடி. அதைப் பார்த்து யாரும் குடைகூட எடுக்க மாட்டார்கள்.

பறக்கும் காட்சியைப் பற்றி முன்பே எழுதிவிட்டேன். பெரிய திரையில் அது இன்னும் அசிங்கமாக இருக்கிறது. கயிறு தெரியாவிட்டாலும் பொய் தெரிகிறது.

கடைசியாக உன் கதாநாயகன். கிழவனுக்கு முகமூடி போட்டால் கிழவன்தான். அதை மன்னிக்கலாம். படிக்கட்டு ஏறும் காட்சியில் மூச்சு வாங்குகிறானே, அதை மன்னிக்க முடியாது. நெஞ்சைப் பிடிக்கிறான். வாயைத் திறந்து காற்றைத் தேடுகிறான். சுவரில் சாய்கிறான். இவ்வளவு மட்டமான நடிப்பை நான் எங்கள் துறைமுகச் சங்க நாடகத்தில்கூடப் பார்த்ததில்லை. நிஜத்தில் எந்த மனிதனும் அப்படி மூச்சு வாங்க மாட்டான். அனுதாபத்துக்கு ஏங்கிச் செய்தது. அன்றைக்கு மேடையில் கைதட்டலுக்கு ஏங்கினான், இன்றைக்குத் திரையில் அனுதாபத்துக்கு ஏங்குகிறான். வித்தியாசம் இல்லை. இந்த வரியை அவனுக்கு விடாமல் படித்துக் காட்டு.

மருதப்பன்


உட்லண்ட்ஸ்,
3 டிசம்பர் 2024

அண்ணனுக்கு,

குமரன் எழுதறேன். இருபத்து நாலு வருஷம் கழிச்சு எழுதறதால எங்க ஆரம்பிக்கிறதுன்னு தெரியல. முட்டி தேவலையா? கோடாலித் தைலம் தேய்க்கிறியா, இல்ல ரோஷத்துல அதையும் விட்டுட்டியா?

என் எழுத்து கோணலா இருக்கும். படுத்துக்கிட்டு எழுதறேன்.

விமர்சனம் கிடைச்சது. கவி படிச்சா. ஒரு வரி விடல. மூச்சு வாங்கற இடத்துல நான் சிரிச்சிட்டேன். அவ எழுந்து வெளிய போயிட்டா. அவளுக்கு உன் நகைச்சுவை பழகல.

கிரேன் கூண்டுல உனக்கு மதியச் சாப்பாடு கொண்டு வந்து ஏணிக்குக் கீழ நிப்பேனே, ஞாபகம் இருக்கா? கயித்துல கூடையை இறக்குவ. ஒரு தடவைகூட ஏறி வாடான்னு சொன்னதில்ல. பயம், நான் விழுந்துடுவேன்னு. இடிவேலன் ஏறுவான்னு நீ எழுதினப்ப, என்னை ஏற விடறதுக்குத்தான் எழுதினன்னு நினைச்சுக்கிட்டேன்.

ஒண்ணே ஒண்ணு கேக்கணும். இடி, பறக்கறது, நடிப்பு எல்லாத்தையும் எழுதின. கடைசிக் காட்சியைப் பத்தி ஒண்ணும் எழுதல. அது எப்படி இருந்திச்சுண்ணே? அதுக்கு மட்டும் ரெண்டு வரி எழுது. திட்டியே எழுது.

உன் தம்பி,
குமரன்


பஃபலோ ரோடு,
16 டிசம்பர் 2024

குமரனுக்கு,

நான் சுகம். நீ சுகம் என்று உன் கடிதத்திலும் எழுதவில்லை. மகளுக்கு முறை தெரியாதது எங்கிருந்து வந்தது என்று புரிந்தது.

பெரியவனுக்குக் கடிதம் எழுதும்போது படுத்துக்கொண்டு எழுதாதே. எழுந்து உட்கார்ந்து எழுது. எழுத்து புழு ஊர்ந்தது போல இருக்கிறது.

ஏணிக்குக் கீழே நீ நின்றது ஞாபகம் இருக்கிறது. எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும். மறந்தவன் நீ.

கடைசிக் காட்சியைக் கேட்டிருக்கிறாய். சொல்ல ஒன்றும் இல்லாததால்தான் சொல்லவில்லை. அது வேண்டாத காட்சி. கதை அதற்கு முன்பே முடிந்துவிட்டது. இரண்டாம் பாகம் எடுக்கிற எல்லோரும் செய்யும் தப்பு இது. முடிந்த இடத்தில் நிறுத்தத் தெரியாமல் மூன்றாம் பாகத்துக்குத் தூண்டில் போடுகிறீர்கள். உன் மகளிடம் சொல், அந்தக் காட்சியை முழுவதுமாக வெட்டிவிடச் சொல். வெட்டினால் படம் கொஞ்சமாவது நிமிரும். இது கதை எழுதியவன் தரும் ஆலோசனை. எழுத்தில் தந்திருக்கிறேன்.

மேடையில் நீ விட்டதற்கு இன்றுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. இந்தக் கடிதத்திலும் சொல்லவில்லை. அதைக் கவனித்தேன்.

மருதப்பன்


உட்லண்ட்ஸ்,
13 ஜனவரி 2025

பெரியப்பாவுக்கு,

நான் நலம். அம்மா படுத்திருக்கிறாள்.

அப்பா சுகத்தை எழுதவில்லை என்று ஒவ்வொரு கடிதத்திலும் கேட்டீர்கள். பொய்யும் எழுதாதே, உண்மையும் எழுதாதே என்று அப்பா சொல்லியிருந்தார். இனி எழுதலாம். நுரையீரலில் புற்றுநோய். படம் தொடங்கும் முன்பே தெரியும். சனிக்கிழமை காலை இறந்துவிட்டார்.

உங்களுக்குப் போன் இல்லை. எதுவானாலும் எழுத்தில் வேண்டும் என்பீர்கள். அதனால் சாதாரணத் தபாலில் அனுப்புகிறேன். இது உங்கள் கைக்கு வரும்போது மண்டாய் மயானத்தில் எல்லாம் முடிந்திருக்கும்.

கவிப்ரியா


பஃபலோ ரோடு,
24 ஜனவரி 2025

கவிப்ரியாவுக்கு,

இருந்தவன் ஒரே தம்பி. அவன் முகத்தைப் பார்க்க விடாமல் செய்துவிட்டாய். இப்ராஹீம் கடைக்கு ஒரு போன் போட்டிருந்தால் அவன் மாடியேறி வந்து சொல்லியிருப்பான். நான் டாக்சியில் வந்திருப்பேன். ரயிலில் வந்தால்கூட ஒரு மணி நேரம்தான். நீ தபால்பெட்டியைத் தேடிப் போனாய். தெரியாமல் செய்யவில்லை, தெரிந்துதான் செய்தாய். உன் வயதில் நானே இவ்வளவு கல்நெஞ்சக்காரனாக இல்லை.

நோய் என்று ஒரு வரி எழுதியிருந்தால் முதல் காட்சிக்கு வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். எழுதாதது உங்கள் குற்றம். என் குற்றம் இல்லை. இதை நான் யாரிடமும் மாற்றிச் சொல்ல மாட்டேன்.

மூச்சு பற்றி எழுதியதை அவனுக்கு உண்மையிலேயே படித்துக் காட்டினாயா?

படம் இப்போது எந்தத் தியேட்டரிலும் இல்லை என்று இப்ராஹீம் சொல்கிறான். உன்னிடம் பிரதி இருக்கும். ஒன்று அனுப்பு. மறுபடியும் பார்க்க வேண்டும்.

மருதப்பன்


உட்லண்ட்ஸ்,
3 மார்ச் 2025

பெரியப்பாவுக்கு,

நான் நலம். அம்மா எழுந்து நடமாடுகிறாள்.

"மறுபடியும்" என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் தடவையே பார்க்காதவர் மறுபடியும் எப்படிப் பார்ப்பார்? நீங்கள் குறை சொன்ன இடி, பறப்பது, படிக்கட்டு மூன்றும் முன்னோட்டத்தில் இருப்பவை.

பறக்கும் காட்சி படத்தில் இல்லை. முன்னோட்டத்துக்காகப் பணம் போட்டவர்கள் கேட்டார்கள், எடுத்துக் கொடுத்தேன். படத்தில் அதை வைக்கவே இல்லை, ஏனென்றால் இடிவேலன் பறப்பதில்லை. அது எனக்கும் தெரியும், நான் அவனைப் பார்த்து வளர்ந்தவள். அதைத்தான் படத்தில் பாருங்கள் என்று எழுதினேன். நீங்கள் பெரிய திரையில் அது இன்னும் அசிங்கமாக இருக்கிறது என்று எழுதினீர்கள்.

ஆதாரத்துக்கு டிக்கெட்டைப் பின் செய்திருந்தீர்கள். அந்தத் தியேட்டரில் நாகம்மா அக்கா வாசலில் நின்று ஒவ்வொரு டிக்கெட்டையும் பாதியாகக் கிழித்த பிறகுதான் ஆளை உள்ளே விடுவார். உங்களுடையது முழுசாக இருந்தது. அப்பா அதை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஆக்சிஜன் குழாயோடு சிரித்தார்.

"கவி, இங்க பாரு. அண்ணன் உள்ளயே போகல."

"அதை எழுதட்டுமாப்பா? நோயையும் சேர்த்து எழுதிடறேன். ஒரே நாள்ல ஓடி வந்துடுவாரு."

"வரும். எனக்குத் தெரியாதா? நோயாளியைப் பார்க்க வரும். ஆரஞ்சுப் பழம் வாங்கிட்டு வரும். எனக்கு அது வேணாம். படம் பார்க்க வரணும்."

மூச்சு பற்றிய வரியைப் படித்துக் காட்டினேனா என்று கேட்டீர்கள். விடாமல் படித்துக் காட்டச் சொன்னீர்கள், படித்தேன். அந்தக் காட்சியில் அப்பா நடிக்கவில்லை. மூன்றாம் மாடிக்கு ஏறச் சொன்னேன், இரண்டாம் மாடியில் நின்றுவிட்டார். கேமராவை நிறுத்தப் போனேன். நிறுத்தாதே என்று கையைக் காட்டினார். நீங்கள் எழுதியதைக் கேட்டு, "நிஜத்துல எவனும் இப்படி மூச்சு வாங்க மாட்டானாம். அண்ணன்கிட்ட நான் நல்லா இருக்கேன்னு நானே நிரூபிச்சிட்டேன் பாரு" என்றார்.

அதன் பிறகும் உங்களுக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தார். கடைசிக் காட்சி எப்படி என்று கேட்டு எழுதினார். பார்க்கவில்லை என்று நீங்கள் எழுதியிருக்கலாம். அப்படி எழுதியிருந்தால் படத்தைப் போட்டுக் காட்ட, படுத்த படுக்கையாகவே உங்கள் வீட்டுக்கு வந்திருப்பார். வெட்டிவிடு என்று எழுதினீர்கள். அதையும் படித்தேன். அன்று சிரிக்கவில்லை.

அந்தக் காட்சி இதுதான். கிழவன் அந்தப் பெண்ணைக் காப்பாற்றிவிட்டான். ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறான். முதல் படத்தில் முகமூடிக்குள் இருந்தவனுக்கு நீங்கள் பெயரே வைக்கவில்லை. ஒரு தாதி வந்து அவன் பெயரைக் கேட்கிறாள். அவனுக்குக் கேட்காது. அவள் உதட்டைப் பார்க்கிறான், புரிந்துகொள்கிறான். முகமூடியைக் கழற்றுகிறான். "மருதப்பன்" என்கிறான். அவ்வளவுதான் காட்சி. நான் எழுதியதில் வேறு பெயர் இருந்தது. கேமராவுக்கு முன்னால் அப்பா மாற்றிச் சொன்னார். ஏன் என்று கேட்டேன். "மேடையில விட்டுட்டேன். அன்னிக்குக் கண்ணு முன்னாடி இருந்த எல்லாரையும் சொன்னேன். அண்ணனை எனக்குள்ளயே வச்சிருந்ததால வெளிய தெரியல. அடுத்த நாள் சொல்லப் போனேன், கதவைத் திறக்கல. இப்ப எல்லாரும் கேக்கட்டும்" என்றார். அந்த ஒரு வார்த்தையை உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கத்தான் அந்த இருக்கை.

படம் இந்த மாதக் கடைசியில் இணையத்தில் வருகிறது. நீங்கள் எழுத்தில் தந்த ஆலோசனைப்படி கடைசிக் காட்சியை முழுவதுமாக வெட்டிவிட்டேன். வெட்டிய துண்டை வைத்துக்கொள்ளவில்லை. எல்லா இடத்திலிருந்தும் அழித்துவிட்டேன்.

பிரதி அனுப்ப மாட்டேன்.

கவிப்ரியா


பஃபலோ ரோடு,
21 ஏப்ரல் 2025

கவிப்ரியாவுக்கு,

டிக்கெட்டைக் கிழிப்பது வாசலில் நிற்பவர் வேலை. படம் பார்ப்பவன் வேலை இல்லை. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத மாட்டேன்.

இப்ராஹீம் கடையில் படத்தைப் பார்த்தேன். கடையை மூடிவிட்டு, பெரிய டிவியில் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான். படிக்கட்டுக் காட்சி வந்ததும் சத்தத்தைக் குறைக்கச் சொன்னேன். "ஏன் மருதண்ணே, நல்ல சீனாச்சே" என்றான். குறை என்றேன்.

முன்பு தியேட்டரில் பார்த்தவர்களை விசாரித்தேன். இப்ராஹீம் பார்த்திருக்கிறான். கடைசியில் கிழவன் என்ன பெயர் சொன்னான் என்று கேட்டேன். "ஏதோ ஒரு பேர் சொன்னாருண்ணே. அதுக்குள்ள முன்னாடி வரிசை எழுந்திருச்சிட்டாங்க. சரியா காதுல விழல" என்றான். அவன் மகன் ரியாஸ், "மாரியப்பன்னு நினைக்கிறேன் லா" என்றான். நாகம்மாவிடம் போனேன். எல்லாக் காட்சிக்கும் அவள்தானே வாசலில் நின்றாள். படம் முடியும் முன்பே கதவைத் திறக்கப் போய்விடுவாளாம், கடைசிக் காட்சியை ஒரு நாளும் பார்த்ததில்லையாம். என்னை உற்றுப் பார்த்தாள். "நீங்க அன்னிக்கு போஸ்டருக்கு முன்னாடி ரொம்ப நேரம் நின்னுட்டுத் திரும்பிப் போன ஐயாதானே?" என்றாள். ஆள் மாறிவிட்டது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிறேன். உன் அப்பன் கேட்டது, பாதியில் விட முடியாது. முதல் படம்தான் படம். இரண்டாவது அதற்கு எட்டவில்லை. இடி பொய். பாலத்துக் காட்சி நீளம். அவன் பறக்கவில்லை, அது சரி. மூச்சு வாங்குவது நடிப்பு என்று எழுதியது என் கருத்து. எழுதியதை நான் மாற்றுவதில்லை.

குறை சொல்ல முடியாத இடம் ஒன்று உண்டு. நீ வெட்டிய இடம். தாதி வாயைத் திறக்கிறாள், திரை இருட்டாகிறது. ஒட்டுப் போட்டது தெரியவில்லை. அங்கே ஒரு பெயர் இருந்தது என்று தெரியாதவன் அதைத் தேட மாட்டான். நான் வெட்டியிருந்தாலும் அங்கேதான் வெட்டியிருப்பேன். நீ குமரன் மகள் இல்லை. என் வார்ப்பு.

பதில் எழுத வேண்டாம். வீட்டில் இருக்கிற ஒவ்வொருவர் சுகத்தையும் பெயர் சொல்லி எழுதுவது முறை என்பதால் எழுதுகிறேன்.

மருதப்பன் சுகம்.